அசிடேட்டில் வண்ணக்கண்ணாடி அட்டை: பவுடரா, கிளாஸ் பெயிண்டா, ஃபோல்டரா?

அசிடேட் என்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டில் வண்ணக்கண்ணாடி மாதிரி படம் செய்து வாழ்த்து அட்டையில் வைக்கலாம் என்று தொடங்கினேன். முதல் தடவை ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) காட்டியதும் ஷீட் வெயிலில் கிடந்த இலை மாதிரி சுருண்டுகொண்டது. ஸ்டாம்ப் செய்த பூவும் அதோடு போயிற்று. பிறகுதான் தெரிந்தது, ‘அசிடேட்’ என்று பெயர் போட்டு வருவதெல்லாம் அசிடேட் இல்லை. சிலது பிவிசி, சிலது பாலியெஸ்டர். பிவிசி சூடு தாங்காது. பாலியெஸ்டர் உருக சுமார் 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். எம்பாசிங் பவுடர், அதாவது உருகி மேடான கோடாகும் தூள், அதற்கு வெகு முன்பே உருகிவிடும். லேசர் பிரிண்டருக்கென வரும் ஓஎச்பி (ஓவர்ஹெட் புரொஜெக்டர்) ஷீட் போதும். இங்க்ஜெட் ஷீட் வேண்டாம். மை பிடிப்பதற்காக அதன் ஒரு பக்கம் சொரசொரப்பாகப் பூசியிருப்பார்கள், கண்ணாடிப் பளபளப்பு வராது.

அசல் வண்ணக்கண்ணாடி ஜன்னலில் துண்டுகளைப் பிடித்து நிறுத்துவது ‘எச்’ வடிவ ஈயப்பட்டை. தள்ளி நின்று பார்த்தால் அதுதான் கறுப்புக் கோடு. அட்டையில் அந்த ஈயத்தின் இடத்தில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே மூன்று வழிகளும் பிரிகின்றன.

எனக்குப் பிடித்தது பவுடர். மெதுவாகக் காயும் எம்பாசிங் மையில் ஸ்டாம்பைத் தொட்டு ஷீட்டில் அழுத்தி, கறுப்புப் பவுடரைத் தூவி உருக்குவது. சொல்ல எளிது, பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் இருப்பதால் பவுடர் எங்கெங்கோ ஒட்டும். விரல் பட்ட இடத்தில் ரேகையே எம்பாஸ் ஆகிவிடும். ஷீட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்ததும் டால்கம் பவுடர் கட்டிய துணியால் லேசாக ஒற்றி எடுங்கள். தூவிய பிறகு ஒட்டியிருக்கும் ஓரிரு துகளை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடலாம். ஹீட் கன்னைத் தனியாகச் சூடேற்றிக்கொண்டு, ஷீட்டின் ஓரத்தைக் கிளிப்பில் பிடித்து, அடியிலிருந்து காட்டுங்கள். மணல் மாதிரி மங்கலாக இருந்த கோடு சட்டென்று ஈரமானதுபோல் மின்னும். அந்த நொடியே நகர்ந்துவிட வேண்டும், நின்றால் ஷீட் நெளியும். ஹேர் டிரையரால் ஆகாது: அந்தச் சூடு போதாது, காற்று பவுடரைப் பறக்கடிக்கும்.

நிறம் பின்பக்கம், ஆல்கஹால் மார்க்கரில். கோடு முன்னால் இருப்பதால் நிறம் அதன் அகலத்துக்குள் கொஞ்சம் வழிந்தாலும் தெரியாது. கை நடுங்குகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பிளாஸ்டிக் மையை உறிஞ்சாது. இரண்டாவது தீற்றல் முதல் தீற்றலைக் கரைத்து வரிவரியாக்கும். அதனால் இழுக்காமல் முனையால் புள்ளி புள்ளியாகக் குத்தி நிரப்புங்கள்.

கிளாஸ் பெயிண்டில் கோடே டியூபிலிருந்து வருகிறது. ஸ்டாம்ப் வேண்டாம், ஹீட் கன் வேண்டாம், வரையும் கை மட்டும் வேண்டும். கோடு காய்ந்ததும் நடுவில் ஒரு சொட்டு பெயிண்ட் விட்டு, பல்குத்தும் குச்சியால் மூலைவரை தள்ளினால் அது தானே மட்டமாகிக்கொள்ளும். குமிழி வந்தால் ஊசி. வெளிச்சத்துக்கு முன் பிடித்தால் மார்க்கர் இதற்குக் கிட்டே வராது. பெயிண்டுக்குத் தடிப்பு உண்டு, நிறம் ஆழமாக நிற்கும். குறை வேறு இடத்தில். ஒரு ராத்திரி முழுக்க மட்டமாகக் கிடக்க வேண்டும். அட்டை வளைந்தால் கோடு பெயர்ந்து வரும். நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு மறுநாள் பிரித்தபோது, ஒன்றின் இதழ் இன்னொன்றின் முதுகில் இருந்தது.

எம்பாசிங் ஃபோல்டர் அவசரக்காரர்களுக்கு. மேடுபள்ளமாக வடிவம் பொறித்த பிளாஸ்டிக் மடிப்பு அது. ஷீட்டில் ஆல்கஹால் இங்க்கைச் சொட்டிப் பரவவிட்டு, காய்ந்ததும் ஃபோல்டரில் வைத்து உருளைகளுக்கு நடுவே அழுத்தும் டை கட்டிங் மெஷினில் ஓட்டினால் ஆயிற்று. மறுபக்கம் மேடான இடங்களில் கறுப்பு மையை ஒற்றினால் கோடும் கிடைக்கும். எந்த நிறம் எந்தக் கட்டத்தில் விழும் என்பது நம் கையில் இல்லை. உண்மையைச் சொன்னால் இது வண்ணக்கண்ணாடி இல்லை, அதன் சாயல். மிக ஆழமான ஃபோல்டரில் ஷீட் மடிப்போரம் வெளுத்துப்போகும், சில சமயம் விரிசல் விடும்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஃபோல்டர் மற்ற இரண்டையும் ஜெயிக்கிறது: அதற்கு வெளிச்சம் வர அட்டையில் ஜன்னல் வெட்டத் தேவையில்லை. கசக்கி விரித்த அலுமினிய ஃபாயிலைப் பின்னால் ஒட்டினால் மூடிய அட்டையிலும் மின்னும். மற்ற இரண்டுக்கும் உள்தாள் வெள்ளையாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அட்டையை மூடியதும் நிறம் செத்துவிடும். பசை எல்லாவற்றிலும் தொல்லைதான். சட்டத்துக்கு அடியில் மறைகிற இடத்தில் மட்டும் டபுள் சைடு டேப்.

தபாலில் போகிற அட்டைக்குப் பவுடர். கையில் கொடுத்து ஜன்னலோரம் நிறுத்தப்போகிற ஒரே ஒரு அட்டைக்குக் கிளாஸ் பெயிண்ட். மார்க்கரும் ஆல்கஹால் இங்க்கும் வெயிலில் வெளுக்கும். இருபது முப்பது அட்டை ஒரே மாலையில் முடிய வேண்டுமென்றால் ஃபோல்டர்.

இரண்டையும் கலந்தால் என்ன என்று பவுடர் கோட்டுக்குள் கிளாஸ் பெயிண்டை ஊற்றியும் பார்த்தாயிற்று. உருகிய பவுடருக்கு அத்தனை உயரம் கிடையாது. சிவப்பு கரை தாண்டி இலைக்குள் போய்விட்டது.