"தாய்லாந்து இம்போர்ட்" நாய்க்குட்டி என்றால் வாங்காதீர்கள்

சென்னையில் நாய்க்குட்டி தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். இன்ஸ்டாகிராமில் "தாய்லாந்து இம்போர்ட் டாய் பாம்" (ரொம்பச் சின்ன பொமரேனியன் வகை) என்று போட்டு விற்கும் ஓர் ஆளிடம் 65,000 ரூபாய் கொடுத்து என் தங்கைக்காக ஒரு குட்டி வாங்கினோம். குட்டியின் அம்மாவைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, அது பாங்காக்கில் இருக்கிறது, குட்டி மட்டும்தான் ஃப்ளைட்டில் வந்தது என்றார். போரூர் பக்கம் ரோட்டோரம் காரை நிறுத்தி, கூடையையும் ஒரு ஃபைலையும் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஃபைலில் ஹெல்த் சர்டிஃபிகேட், ரேபிஸ் ஊசிச் சீட்டு, வெளிநாட்டு விலங்குகளைப் பரிசோதிக்கும் பள்ளிக்கரணை க்வாரன்டைன் ஸ்டேஷன் பெயரில் ஒரு என்ஓசி (தடையில்லாச் சான்று), நாயின் தோலுக்கு அடியில் போடும் அடையாள மைக்ரோசிப்பின் 15 இலக்க நம்பர் எல்லாமே இருந்தன.

மறுநாளே வாந்தி, ரத்தமாக வயிற்றுப்போக்கு. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பார்வோ என்றார்கள், குட்டிகளைக் கொல்லும் ஒரு வைரஸ் தொற்று. டாக்டர் ஸ்கேனரைக் கழுத்திலிருந்து தோள்பட்டை நடுவே மெதுவாக நகர்த்தி, திரும்பவும் ஒருமுறை நகர்த்திப் பார்த்தார், ஒரு சத்தமும் வரவில்லை, சிப்பே போடவில்லை. அப்புறம் வாயைத் திறந்து பால்பல்லைப் பார்த்துவிட்டு, இரண்டு மாதம்கூட ஆகியிருக்காதே என்றார். ரேபிஸ் ஊசி மூன்று மாத வாக்கில்தான் போடுவார்கள். சீட்டில் இருந்த தேதிக்கு இந்தக் குட்டி பிறந்திருக்கவே இல்லை. ட்ரிப்ஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. தங்கை இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

விஷயம் இதுதான். விற்பதற்காக வெளிநாட்டு நாய்களை இறக்குமதி செய்வதை வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் 2016 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து குடிமாறி வருபவர் தன் பெயரில் ரெக்கார்டு உள்ள சொந்த நாயைக் கொண்டுவரலாம், அதற்கும் முன்கூட்டியே என்ஓசி வேண்டும், வந்து இறங்கியதும் க்வாரன்டைன் டாக்டர் பார்த்துத்தான் வெளியே விடுவார். ஆகவே கடையிலோ இன்ஸ்டாவிலோ விலைக்கு வரும் "இம்போர்ட்" குட்டி பெரும்பாலும் இங்கேயே ஏதோ ஒரு கூண்டில் பிறந்ததாக இருக்கும், இல்லையென்றால் கடத்திக் கொண்டுவந்ததாக இருக்கும். கடத்தியது என்றால் இன்னும் ஆபத்து, என்ன நோயோடு வந்தது என்று ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டு நாய்க்கும் அது தொற்றும்.

இம்போர்ட் என்று சொல்வதே தாய் நாயைக் காட்டாமல் தப்பிக்கத்தான் என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரிகிறது. 2017 நாய் வளர்ப்பு விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கவே கூடாது, வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பதிவு நம்பரைக் கேளுங்கள், தாயை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள், பணம் கொடுக்கும் முன் ஏதாவது ஒரு கிளினிக்கில் சிப்பை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். மழுப்பினால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். அந்த ஆள் வேறு பெயரில் புது அக்கவுன்ட் தொடங்கி அதே கூடையோடு வேறு குட்டிகளின் படம் போடுகிறார். இதே மாதிரி ஃபைலோடு யாராவது குட்டி வாங்கியிருந்தால் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டையும் அந்தத் தாள்களையும் தூக்கிப் போடாமல் எனக்கு மெசேஜ் பண்ணுங்கள், புகாரில் சேர்க்கலாம்.