எட்டு ஏக்கர் செம்மண்ணில் ஒரு மினி டிராக்டர்: ஐந்து வருட அனுபவம்

சிவகங்கை மாவட்டம் கல்லல் பக்கம் எங்களுக்கு எட்டு ஏக்கர். அதில் மூன்று ஏக்கர் பல வருடத் தரிசு, ஆள் நுழைய முடியாத சீமைக்கருவேலம். 2020-இல் ஊரோடு வந்து விவசாயம் பார்ப்பது என்று முடிவானதும் இரண்டு வழி இருந்தது. ஒன்று, 24 ஹெச்பி புது மினி டிராக்டர். இன்னொன்று, ஏற்கெனவே ஓடிய பேக்ஹோ, அதாவது பின்னால் நீண்ட கையும் பக்கெட்டும் வைத்துத் தோண்டும் வண்டி. எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் ஊரில் அதற்கு ஜேசிபி என்றுதான் பெயர்.

மச்சான் ஜேசிபி பக்கம். “கருவேலத்த வேரோட பிடுங்காம டிராக்டர வச்சு என்ன மாப்ள செய்யப் போற?” என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. கருவேலத்தைத் தரையோடு வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு அடிக்கட்டையிலிருந்து நாலு தூர் கிளம்பும். வேர்க்கட்டையை நெம்பி எடுக்க பக்கெட் வேண்டும். மினி டிராக்டரால் அது ஆகவே ஆகாது. கடைசியில் அவர் 2012 மாடல் வண்டி ஒன்றை ஒன்பதரை லட்சத்துக்கு வாங்கினார். நான் ரொட்டவேட்டரோடு (பின்னால் மாட்டும், பிளேடு சுழன்று மண்ணைக் கிளறும் கருவி) சேர்த்து ஆறேகால் லட்சத்துக்கு டிராக்டர் எடுத்தேன். இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் வண்டியின் மீட்டர் இப்போது 1,760 மணி நேரம் காட்டுகிறது. வருடத்துக்குச் சுமார் 350 மணி. புரட்டாசியில் புழுதி உழவு, ஐப்பசியில் நடவுக்குச் சேறு கலக்குவது, தை கழிந்து உளுந்துக்கு ஓட்டுவது, நடுவில் தென்னைக்கும் மாமரத்துக்கும் இடை உழவு, எரு அடிப்பது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாளாவது வண்டிக்கு வேலை இருக்கிறது. ரொட்டவேட்டர் போட்டால் மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல், சும்மா டிரெய்லர் இழுத்தால் அதற்கும் குறைவு. மாங்கிளைக்கு அடியில் தாழ்ந்து போகிறது, வரப்பு ஓரம் வரை ஒட்டி உழுகிறது. எங்கள் வயலுக்குப் போவது பழைய மாட்டுவண்டிப் பாதை, இரண்டு பக்கமும் செம்புறாங்கல் சுவர். ஏழரை அடி அகல ஜேசிபி அதில் நுழையாது. வெளியே சுற்றி, அடுத்தவர் வயல் வழியாக, அவர் அறுப்பு முடிந்த பிறகுதான் வர முடியும்.

எடையும் முக்கியம். என் டிராக்டர் ஒரு டன்னுக்குள். ஜேசிபி ஏழரை டன். ஈரம் இருக்கும்போது நெல் வயலில் அதை இறக்கினால் சக்கரம் போன தடத்தில் மண் இறுகிப்போய், அடுத்த பட்டத்தில் அந்தக் கோடு மட்டும் பயிர் குட்டையாக நிற்பதைக் கண்ணால் பார்த்தேன்.

குறைகளையும் சொல்கிறேன். சித்திரையில் காய்ந்த செம்மண்ணைக் கொத்துக் கலப்பையால் கிழிக்க இந்த வண்டிக்கு எடை போதாது. சக்கரம் சுற்றும், கலப்பை மேலேயே கீறிக்கொண்டு போகும். கோடை மழை ஒன்று விழுகிற வரை காத்திருப்பேன். சரளை கலந்த மண் என்பதால் இரண்டு வருடம் வரும் என்று சொன்ன ரொட்டவேட்டர் பிளேடு ஒரே பட்டத்தில் தேய்ந்துவிட்டது. முதல் வருடம் கருவேல முள் ஏறி முன் டயர் ஆறு முறை பஞ்சர். அப்புறம் கண்மாயில் அனுமதி வாங்கி வண்டல் அள்ளப் போனபோது கண்மாய்க்குள் வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. மச்சான் வண்டி வந்துதான் சங்கிலி போட்டு இழுத்தது. அந்த வண்டல்தான் என் மூன்று ஏக்கரை மாற்றியது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜேசிபி அள்ளிப்போட, நான் அரை யூனிட் (50 கன அடி) டிரெய்லரில் பதினொரு நாள் இழுத்தேன்.

ஜேசிபி எனக்குத் தேவைப்பட்டது ஐந்து வருடத்தில் மொத்தம் 70 மணி நேரம்தான். கருவேலம் அழிக்க, ஒரு பண்ணைக்குட்டை வெட்ட, வண்டல் ஏற்ற. மணிக்கு 1,200 ரூபாய் வைத்தாலும் 84,000. இதில் நான் கற்ற ஒரு விஷயம்: செம்புறாங்கல் மண் வெயிலில் காயக் காய இறுகும். கடும் வெயிலில் வாடகைக்கு எடுத்தால் பக்கெட் பல்தான் தேயும், மணிக்கணக்கு ஏறும். கோடை மழை பெய்த மூன்றாம் நாள் வரச் சொன்னதில் பாதி நேரத்தில் குட்டை முடிந்தது.

மச்சான் வண்டி வேறு கதை. வாங்கியபோது எஞ்சின் சத்தத்தையும் புகையையும் மட்டும் பார்த்தார். பின்பக்கக் கையை நீட்டி, பக்கெட்டைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்தி, இடமும் வலமும் ஆட்டிப் பார்த்திருந்தால் கிங்போஸ்டில், அதாவது அந்தக் கை வண்டியோடு சேர்ந்து திரும்பும் இடத்தில், ஆட்டம் தெரிந்திருக்கும். மூட்டு முளை, புஷ், ஹைட்ராலிக் பம்ப், ஹோஸ், பின்பக்க டயர் என்று நாலு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. மணி மீட்டரை நம்பவே கூடாது. பெடல் ரப்பரும் சீட்டும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், உண்மை வயது தெரியும். ஆனால் அவர் நஷ்டப்படவில்லை. தேவகோட்டை, காரைக்குடி வரை வாடகைக்கு ஓட்டுகிறார், நல்ல ஆபரேட்டர் கிடைத்தார். மாதம் 80 மணி நேர வேலை பிடிக்க முடிந்தால் பழைய ஜேசிபி தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். சொந்த நிலத்துக்கு மட்டும் என்றால் வாங்காதீர்கள். பல நாள் சும்மா நின்றாலே ஏதாவது ஒரு ஆயில் சீல் கசிய ஆரம்பிக்கிறது.

மினி டிராக்டரிலேயே பேக்ஹோ மாட்டலாமே என்று பலர் கேட்கிறார்கள். பின்னால் 750 கிலோ தூக்கும் வண்டி இது. அதில் மாட்டும் சின்னக் கை தண்ணீர்க் குழாய்க்கு வாய்க்கால் வெட்டும். கருவேலக் கட்டையைப் பிடித்து இழுத்தால் கட்டை வராது, டிராக்டர்தான் பின்னால் நகரும். அந்தப் பணத்தில் நான் கேஜ் வீலும் (சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரம்) நல்ல டிரெய்லரும் வாங்கினேன். இரண்டும் நன்றாக உழைக்கின்றன.

இப்போது கிளட்ச் லேசாக வழுக்குகிறது. ஆவணிக்குள் பிளேட் மாற்றிவிட வேண்டும், அதற்கு மேல் தள்ளினால் புழுதி உழவு கெட்டுவிடும்.