பாளையங்கோட்டை நெட், செட் பயிற்சி வகுப்புகள்: முதல் தாளுக்குப் பணம் கட்டலாம், இரண்டாம் தாளுக்கு வேண்டாம்

கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டுமானால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்விலோ செட் என்ற மாநிலத் தகுதித் தேர்விலோ தேறியிருக்க வேண்டும். இல்லையென்றால் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) விதிப்படி வாங்கிய முனைவர் பட்டம் வேண்டும். அம்பை, தென்காசி, வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சனி ஞாயிறு பஸ் ஏறிப் பாளைக்கு வருகிற முதுகலைப் பட்டதாரிகளை நம்பித்தான் இங்கே வார இறுதி வகுப்புகள் ஓடுகின்றன. இந்த மதிப்புரை தனியொரு மையத்தைப் பற்றியதல்ல. பெயர்ப் பலகைதான் மாறுகிறது, சரக்கு ஏறத்தாழ ஒன்றே: எல்லாருக்கும் பொதுவான முதல் தாளுக்கு வகுப்பு, அவரவர் பாடத்துக்கான இரண்டாம் தாளுக்கு வகுப்பு, இரண்டும் சேர்ந்த பேக்கேஜ். எது காசுக்குத் தகும் என்பதுதான் கேள்வி.

முதல் தாள் தகும். அதில் 50 கேள்வி, 100 மதிப்பெண். கற்பித்தல் திறனில் தொடங்கி உயர்கல்வி அமைப்பு வரை பத்து அலகுகள். நெட் தேர்வில் இந்தத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் எம்.ஏ. படித்தவருக்கு இரண்டாம் தாள் தமிழில் இருக்கும். முதல் தாளில் பத்தியைப் படித்து விடை சொல்வது முதல் தர்க்கம் வரை எல்லாம் ஆங்கிலம்தான். தமிழ் வழியில் படித்துவிட்டு வருபவர் சறுக்குவது பாட அறிவில் அல்ல, இங்கேதான். ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் பிரித்துச் சொல்லி, விடையை ஆங்கிலத்திலேயே அடையாளம் காணப் பழக்குகிற ஆசிரியர் கிடைத்தால் கட்டணம் வீண்போகாது.

மையத்தின் தரத்தை இரண்டு அலகுகளில் பார்த்துவிடலாம். ஒன்று, தரவு விளக்கம். அட்டவணையைக் கொடுத்து அதிலிருந்து ஐந்து கேள்வி கேட்பார்கள். ஒரு கல்லூரியின் மாணவர் எண்ணிக்கை 640-லிருந்து 800 ஆனால் வளர்ச்சி எத்தனை சதவீதம்? கூடியது 160. அதைப் பழைய எண்ணான 640-ஆல் வகுத்தால் 25 சதவீதம். அவசரத்தில் 800-ஆல் வகுப்பவருக்கு 20 வரும், அந்த 20-உம் விடைகளில் ஒன்றாகக் காத்துக்கொண்டிருக்கும். சூத்திரத்தைப் பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிற வகுப்பில் இது பிடிபடாது. தவறான விடை எந்த வழியில் வருகிறது என்று காட்டுகிற வகுப்பில்தான் பிடிபடும்.

இன்னொன்று, இந்தியத் தர்க்கம். பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி, அனுபலப்தி என்று, அறிவைப் பெறும் வழிகளான ஆறு பிரமாணங்களையும் ஒப்பிக்க வைப்பது எளிது. கேள்வி வருவதோ உதாரணத்தில். பொதிகையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே தீ இருக்கிறது என்பது அனுமானம். புகை இருக்கும் இடத்தில் தீ இருக்கும் என்கிற மாறாத தொடர்பு, அதாவது வியாப்தி, அதற்கு அடிப்படை. பகலில் சாப்பிடாத தேவதத்தன் பருத்துக்கொண்டே போகிறான், ஆகவே இரவில் சாப்பிடுகிறான் என்பது அர்த்தாபத்தி. முரண்போலத் தெரியும் இரண்டு செய்திகளைப் பொருத்த ஒன்றைக் கொள்கிறோம். இந்த இரண்டையும் குழப்பாமல் பிரித்துக் காட்டத் தெரிந்தவரா என்று டெமோ வகுப்பிலேயே கேட்டுப் பாருங்கள். 'அது பிறகு வரும்' என்று நழுவினால் எழுந்து வந்துவிடலாம்.

கையேட்டையும் புரட்ட வேண்டும். மூன்றாம் தாள் என்று ஒன்று இருந்தது 2018 ஜூலைத் தேர்வோடு போய்விட்டது. முதல் தாளின் இப்போதைய பாடத்திட்டம் 2019 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. '60 கேள்வியில் 50-க்கு விடையளிக்கவும்' என்று பழைய முறைப்படி அச்சிட்ட நோட்ஸ் இன்னும் ஜெராக்ஸாகச் சுற்றுகிறது. சவத்தெ விட்டுத் தள்ளுங்க. தேசியக் கல்விக் கொள்கை 2020 இல்லாத உயர்கல்வி அலகு எதற்கு உதவும்?

மாதிரித் தேர்வை, பேனாவால் வட்டத்தை நிரப்புகிற ஓஎம்ஆர் தாளில் மட்டும் வைக்கிற மையத்துக்குப் பாதி மதிப்பெண்ணே தரலாம். நெட் கணினித் தேர்வு. இரண்டு தாளும் இடைவேளையின்றி மூன்று மணி நேரம், 150 கேள்வி. கேள்விக்கு 72 விநாடி. தாளுக்கென்று தனி நேரம் கிடையாது என்பதால், முதல் தாளின் கணக்கில் மாட்டிக்கொண்டு நன்றாகத் தெரிந்த பாடக் கேள்விகளைக் கடைசியில் விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. முதல் தாளுக்கு 60 நிமிடம், இரண்டாவதற்கு 110, மீதி சரிபார்க்க என்று திரை முன்னால் உட்காரவைத்துப் பழக்க வேண்டும். விடையைத் தெரிவு செய்து 'மார்க் ஃபார் ரிவ்யூ' போட்ட கேள்வி மதிப்பீட்டில் சேரும். தெரிவு செய்யாமல் அடையாளம் மட்டும் போட்டது சேராது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் எதையும் காலியாக விட வேண்டியதில்லை.

இரண்டாம் தாள் வகுப்புக்குப் பணம் கட்டச் சொல்ல மனம் வரவில்லை. நூறு கேள்வி, 200 மதிப்பெண், முதுகலையின் மொத்தப் பாடமும். வாரம் ஒரு நாளில் ஒரே ஆசிரியர் பத்து அலகையும் நடத்துவது நடக்கிற காரியமல்ல. அவருக்குப் பிடித்த இரண்டு மூன்று அலகுகள்தான் கிடைக்கும். நெட்டை நடத்துகிற தேசியத் தேர்வு முகமையின் (என்டிஏ) தளத்தில் பழைய வினாத்தாள்களும் விடைகளும் இலவசம். பத்துத் தாளை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் எந்த அலகு என்று ஓரத்தில் குறியுங்கள். உங்கள் ஓட்டை எங்கே என்று அதிலேயே தெரிந்துவிடும். பொருத்துக, காலவரிசை, கூற்று-காரணம் ஆகிய வகைகளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அவற்றுக்கு மூல நூல் வாசிப்புதான் மருந்து. பாளை மாவட்ட மைய நூலகத்தில் உட்கார இடமுண்டு. யுஜிசியின் இ-பிஜி பாடசாலை இணையதளத்திலுள்ள முதுகலைப் பாடங்களுக்கும் காசு இல்லை. வணிகவியலுக்கு மட்டும், கணக்குப் பகுதியில் பலவீனமானவர்கள், நல்ல ஆசிரியர் கிடைத்தால் யோசிக்கலாம்.

'தேர்ச்சி உறுதி' விளம்பரத்தை எப்படிப் படிப்பது? பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், அதாவது 300-க்கு 120, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 35 சதவீதம், 105 என்பது குறைந்தபட்சம் மட்டுமே. அதைத் தொட்டால் பாஸ் இல்லை. இரண்டு தாளும் எழுதியவர்களில் 6 சதவீதத்தினரே உதவிப் பேராசிரியர் தகுதி பெறுவார்கள். கட்-ஆஃப் பாடத்துக்குப் பாடம், பிரிவுக்குப் பிரிவு மாறும். இதே நெட் வழியாகக் கிடைக்கிற, மாதம் 37,000 ரூபாய் தருகிற ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கு 30 வயது வரம்பு உண்டு. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டு தளர்வு. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை.

செட் மட்டும் போதும் என்று பேக்கேஜ் விற்பவர்கள் ஒன்றைச் சொல்ல மாட்டார்கள்: செங்கோட்டையைத் தாண்டிக் கேரளாவுக்குள் போனால் தமிழ்நாட்டுச் செட் செல்லாது. 2002 ஜூனுக்குப் பிறகான செட் தகுதி அந்தந்த மாநிலத்துக்குள்தான். புனலூர், கொல்லம் கல்லூரிகளையும் மனதில் வைத்திருப்பவருக்கு நெட்தான் வழி. அதோடு, நெட் ஆண்டுக்கு இரண்டு சுற்று. செட்டை நம்பி நாள் குறிக்க முடியாது. 2024 ஜூனில் நமது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நடத்தவிருந்த தேர்வு தள்ளிப்போய், ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக 2025 மார்ச்சில்தான் நடந்தது.

நல்ல மையம் விண்ணப்பத்திலும் கைகொடுக்கும். அதிகம் கோட்டை விடப்படுவது ஓபிசி சான்றிதழ். கையிலிருக்கும் மாநில பிசி, எம்பிசி சான்றிதழ் போதாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதவர் என்று தனியாக வாங்க வேண்டும். இ-சேவையில் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், கடைசி வாரத்தில் ஓடினால் கைக்கு வராது.

'கேர் பட்டியல் இதழில் கட்டுரை போட்டுத் தருகிறோம்' என்று கூடுதல் சேவை விற்கிற இடத்தில் சேரவே வேண்டாம். தரமான ஆய்விதழ்கள் என்று வெளியிட்டுவந்த அந்தப் பட்டியலையே யுஜிசி 2025-ல் கைவிட்டுவிட்டது. மற்ற இடங்களிலும் முதல் தாளுக்கு மட்டும் தனிக் கட்டணம் கேளுங்கள், தவணையாகக் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள்.