1.1 கிலோ லப்டொப், மூன்று வருடம், ஆடிப்போன ஒரு துளை

நேற்றுப் பின்னேரம் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் 14,500 ரூபா கொடுத்து என் லப்டொப்பில் சார்ஜர் வயர் செருகும் டைப்-சி துளையை மாற்றிக்கொண்டு வந்தேன். வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சித்தப்பாவின் மகளிடமிருந்து ஒரு குரல் பதிவு. "அக்கா, உங்களிட்ட இருக்கிற மாதிரி மெல்லிசு லப்டொப் ஒண்டு வாங்கட்டே? அப்பா காசு தாறன் எண்டு சொல்றார். மொறட்டுவைக்குக் கொண்டுபோய் வர லேசா இருக்கும்." அவளுக்கு இந்த வருடம்தான் பல்கலைக்கழகம் தொடங்குகிறது. இரண்டு வரியில் பதில் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை.

எந்தக் கம்பனியின் லப்டொப் என்று எழுதப் போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் பெரும்பகுதி இந்த அளவு மெல்லிசாகச் செய்யப்படும் எதற்கும் பொருந்தும். 13.3 அங்குலத் திரை, எடை 1.12 கிலோ, மூடி வைத்தால் தடிப்பு 14.9 மில்லிமீற்றர், 8 ஜி.பி. ரேம் (திறந்து வேலை செய்பவற்றை வைத்திருக்கும் நினைவகம்). 2023 ஜனவரியில் வாங்கினேன். டொலர் 360 ரூபாவைத் தாண்டி நின்ற காலம், ஆகவே விலையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

ஏன் மெல்லிசு என்றால், என் வேலை கணக்காய்வு. ஒரு மேசையில் இருந்து செய்கிற வேலை இல்லை. இந்தக் கிழமை கோட்டையில், அடுத்த கிழமை வத்தளையில், அதற்கு அடுத்தது இரத்மலானையில் என்று வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பழைய லப்டொப் 2.4 கிலோ. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு காலை ஏழரை மணிக்கு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்து நின்றவர்களுக்கு அந்த எடை என்னவென்று விளங்கும். ஐந்து வருடத்தில் வலது தோள் நிரந்தரமாகவே நோகத் தொடங்கியிருந்தது. கடையில் இந்த லப்டொப்பை ஒரு கொப்பியைத் தூக்குவது போலத் தூக்கிப் பார்த்தபோது வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதலில் துளைகளைப் பற்றி. என் லப்டொப்பில் டைப்-சி துளைகள் இரண்டு. இரண்டும் இடது பக்கத்தில், ஒன்றை ஒன்று ஒட்டினாற்போல. வலது பக்கத்தில் காதில் மாட்டும் ஹெட்போனுக்கு ஒரு துளை, அவ்வளவுதான். சார்ஜ் ஏற்றுவது, பென்டிரைவ், ப்ரொஜெக்டர், மவுஸ், நெட்வேர்க் வயர் எல்லாம் இந்த இரண்டுக்குள்ளேதான். இதில் பென்டிரைவ் முக்கியம். கணக்காளர்கள் இன்றைக்கும் பென்டிரைவில்தான் கணக்கைத் தருகிறார்கள், அதுவும் பழைய அகலமான யூ.எஸ்.பி. அதனால் ஹப் (டைப்-சி துளையில் செருகினால் பல வகைத் துளைகளைத் தரும் சின்னப் பெட்டி) இல்லாமல் வெளியே காலெடுத்து வைக்க முடியாது. சுவரில் இருக்கும் பிளக் வலது பக்கம் என்றால் சார்ஜர் வயர் லப்டொப்பின் பின்னால் சுற்றி, தேநீர்க் கோப்பையைத் தாண்டி இடது பக்கம் வர வேண்டும். சின்ன விஷயம்தான். மூன்று வருடம் ஒவ்வொரு நாளும் செய்தால் சின்ன விஷயமாக இருக்காது.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்குக் காரணம் உண்டு, அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பழைய யூ.எஸ்.பி. துளையின் உயரம் கிட்டத்தட்ட 4.5 மில்லிமீற்றர். நெட்வேர்க் வயர் செருகும் துளைக்கு 12 மில்லிமீற்றர் அளவில் வேண்டும். டைப்-சிக்கு 2.6 போதும். 14.9 மில்லிமீற்றரில் திரைக்கும் மூடிக்கும் போக, ஓரத்தில் சரிந்து வரும் அடிப்பாகத்தில் மிஞ்சுவது ஒரு விரல் நுனியின் தடிப்புக்கூட இல்லை. 2008இல் ஸ்டீவ் ஜொப்ஸ் ஒரு காகித உறைக்குள் இருந்து மக்புக் எயாரை உருவிக் காட்டினார். அதிலேயே யூ.எஸ்.பி. துளை ஒன்றே ஒன்றுதான். 2011இல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்று பெயர் வைத்து, சிறிய திரையுள்ளவை 18 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்றது. அன்றைக்கு 18 என்பது பெரிய சாதனை. இன்றைக்கு நான் அந்த 18ஐ மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்வேன்.

போன வருடக் கடைசியில் முதலாவது துளை ஆடத் தொடங்கியது. வயரைச் செருகினால் சார்ஜ் ஏறும், லப்டொப்பைச் சற்றுத் திருப்பினால் நின்றுவிடும். வயரின் தலையைக் கொஞ்சம் மேலே நெம்பி, அடியில் ஒரு அழிறப்பர் துண்டை முட்டுக்கொடுத்துப் பல நாள் ஓட்டினேன். பிறகு ஒரு நாள், ஒரு வாடிக்கையாளரின் கூட்ட அறையில், ஆறு மாதக் கையிருப்புக் கணக்கில் எங்கே இடைவெளி என்று ப்ரொஜெக்டரில் காட்டிக்கொண்டிருந்தேன். நிதிப் பணிப்பாளர் ஒரு வரிசையைக் கேட்டார். அவருக்குத் தெரியட்டும் என்று லப்டொப்பை இரண்டு அங்குலம் அவர் பக்கம் திருப்பினேன். சுவரில் நீல நிறம் மட்டும் நின்றது. ஹப்பைக் கழற்றி மாட்டி, மறுபடி மாட்டி, படம் திரும்பி வர நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தில் அறையின் கவனம் போய்விட்டது, நான் சொல்ல வந்த இடைவெளியும் அதோடு போய்விட்டது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நேற்றுத் திருத்திய தம்பி அந்தத் துளையை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து எனக்குக் காட்டினார். நடுவில் ஒரு நாக்கு. 1 மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லை. அதன் மேலே 12, கீழே 12 என்று 24 தங்க நிறக் கோடுகள். ஒரு பக்கத்தில் மூன்று கோடுகளின் மேல் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. "வீடு கடற்கரைப் பக்கமா அக்கா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் இருந்து தண்டவாளமும் கடலும் தெரியும். உப்புக் காற்று என்றார். ஆனால் உடைந்ததற்கு உப்பு காரணம் இல்லையாம். நாக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, அடியில் ஈயம் விட்டிருந்தது.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டைப்-சியை 10,000 தடவை செருகிக் கழற்றத் தாங்கும்படி செய்ய வேண்டும் என்பது விதி. பழைய அகலமான யூ.எஸ்.பிக்கு அது 1,500தான். நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை செருகியிருந்தாலும், வேலை நாட்களை மட்டும் பார்த்தால் மூன்று வருடத்தில் 4,500. பாதிகூட இல்லை. அப்படியானால் ஏன் போனது? தம்பி ஹப்பைக் கையில் எடுத்தார். அதில் தொங்கும், ப்ரொஜெக்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் எச்.டி.எம்.ஐ. வயர் என் சுண்டுவிரல் தடிப்பு. மேசை விளிம்பில் இருந்து அது கீழே தொங்கும்போது அதன் முழுப் பாரமும் அந்த நாக்கில்தான் விழுகிறது. செருகிக் கழற்றி அல்ல, பக்கவாட்டில் இழுபட்டு இழுபட்டுப் போயிருக்கிறது. அதிலும் இந்தத் துளை நேரடியாகத் தாய்ப்பலகையில் (மதர்போர்ட்) ஈயம் வைத்து ஒட்டப்பட்டது. பழைய லப்டொப்பின் சார்ஜர் துளை ஒரு குட்டி வயரோடு தனியாக இருந்தது. ஒரு தடவை பழுதானபோது 1,800 ரூபாவுக்குப் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டார்கள். இதற்குச் சூட்டுக் காற்று ஊதி, 24 காலையும் பிரித்து, இரண்டு மணித்தியாலம் சென்றது.

ரேம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 8 ஜி.பி. போதும் என்று நினைத்தேன். பழையதில் பிறகு ஒன்றைக் கூடப் போட்டது போலப் போடலாம் என்ற எண்ணம். மெல்லிசு லப்டொப்களில் ரேமும் பெரும்பாலும் பலகையோடு ஒட்டியே வருகிறது. மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும் அந்த வகை ரேம், பிராசசருக்குப் பக்கத்திலேயே நெருங்கி இருக்க வேண்டும் என்பது காரணம். கழற்றி மாட்டக்கூடிய புதிய வடிவத்துக்கு 2023 டிசம்பரில் தரநிர்ணயம் வந்துவிட்டது, ஆனால் இதுவரை அதைப் போட்டு வருபவை மிகக் குறைவு. எனக்கு இப்போது நாலு இலட்சம் வரிசையுள்ள பேரேட்டை எக்செல்லில் திறந்தால், பக்கத்தில் வேறெதையும் திறக்க முடியாது. மின்விசிறி இல்லாத அறை, மத்தியானம் 31 பாகை என்றால் இன்னும் மோசம். சூட்டை வெளியே தள்ள இடமில்லாததால் அதுவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

இனி எடை. முந்தநாள் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். லப்டொப் 1,120 கிராம். சார்ஜரும் அதன் வயரும் 13 அம்பியர் சதுரக் கால் பிளக்கும் சேர்த்து 340. அந்தப் பிளக் மட்டுமே லப்டொப்பை விடத் தடிப்பு. ஹப் 95, மவுஸ் 90. மொத்தம் 1,645. பழையது சார்ஜர், மவுஸ் எல்லாம் சேர்த்து 3 கிலோவைத் தாண்டும். ஆக 1.3 கிலோவுக்கு மேல் உண்மையிலேயே குறைந்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த கணக்கைப் பாருங்கள். 1.5 கிலோவில் எச்.டி.எம்.ஐ., அகலமான யூ.எஸ்.பி. எல்லாம் உள்ள 14 அங்குல லப்டொப்கள் கிடைக்கின்றன. அதற்கு ஹப் தேவையில்லை. சார்ஜரும் மவுஸும் சேர்த்தால் 1,930. எனக்கும் அதற்கும் வித்தியாசம் 285 கிராம். ஒரு மாசிச் சம்பல் போத்தல் அளவு. அந்த 285 கிராமுக்காகத்தான் நான் இவ்வளவையும் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவும் எழுதிய பிறகு இரண்டு நாட்களைப் பற்றி எழுதாவிட்டால் அது நியாயம் இல்லை.

ஒன்று, 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடு முழுவதும் கரண்ட் போனதே, ஒரு குரங்குதான் காரணம் என்று சொன்னார்களே, அந்த நாள். திங்கட்கிழமை காலை கொடுக்க வேண்டிய அறிக்கை அரைகுறையாக இருந்தது. பட்டரி 30 வீதம். போனுக்கு வைத்திருந்த 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க்கை அதே டைப்-சி துளையில் செருகினேன். ஏறியது. பழைய லப்டொப்பில் இது கனவிலும் நடக்காது. கரண்ட் திரும்பி வருமுன் அறிக்கையை முடித்துவிட்டேன்.

மற்றது ஒரு நாள் அல்ல, பதினொரு இரவுகள். போன வருடம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். லீவு இருக்கவில்லை, ஆண்டு முடிவுக் கணக்கு நேரம். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை, கையைக்கூட வைக்க இடமில்லாதது. மடியில் ஒரு தலையணை, அதன் மேல் இந்த லப்டொப். திரை வெளிச்சத்தைக் கடைசி மட்டத்துக்குக் குறைத்து வைப்பேன். இதன் கீபோர்ட் சத்தமே போடாது. அப்பா விழித்துக் கையை நீட்டினால், இடது கையால் லப்டொப்பை அப்படியே மூடித் தூக்கி, வலது கையால் அவரைப் பிடிப்பேன். தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி திறந்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். ஒரு இரவில் ஏழெட்டுத் தடவை. 2.4 கிலோவை அப்படி ஒற்றைக் கையால் எடுத்திருக்க முடியாது, எடுத்திருந்தாலும் அவரை எழுப்பியிருப்பேன். 285 கிராம் என்று மேலே எழுதினேன், அந்தக் கணக்குப் பிழை இல்லை. ஆனால் அந்தப் பதினொரு இரவுகளில் நான் எந்த ஹப்பையும் தேடவில்லை.

சரி, தங்கச்சிக்கு என்ன சொன்னேன் என்றால், மெல்லிசு வேண்டாம். 1.4, 1.5 கிலோவில் ஒன்றைப் பார். 16 ஜி.பிக்குக் குறைய வாங்காதே, பிறகு கூட்டலாம் என்று கடைக்காரர் சொன்னால் எந்த மூடியைத் திறந்து எங்கே போடுவது என்று காட்டச் சொல். டைப்-சி இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கிறதா என்று பார். ப்ரொஜெக்டருக்கு எச்.டி.எம்.ஐ. லப்டொப்பிலேயே இருக்க வேண்டும். கடைக்குப் போகும்போது உன் பையையும் கொண்டுபோய், சார்ஜரையும் உள்ளே வைத்து, தோளில் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நட. வெறும் கையால் தூக்கிப் பார்த்து முடிவெடுக்காதே.

"அப்ப நீங்களும் மாத்தப் போறீங்களா?" என்று உடனே கேட்டாள். நேற்று அந்தத் தம்பியும் இதையேதான் கேட்டார். இந்த நிலையில் கொடுத்தால் 90,000 போடலாம், மேலே காசு கட்டி வேறொன்று எடுங்கள் என்றார். நான் தரமாட்டேன் என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வரும் வழியில் அதே கட்டடத்தில், வலது பக்கம் வளைந்து போகும் தலையுள்ள ஒரு டைப்-சி வயர் வாங்கினேன், 1,900 ரூபா. இப்போது இதை எழுதும்போது அது செருகியிருக்கிறது. லப்டொப்பை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன், சார்ஜ் நிற்கவில்லை.