கொழும்பு புறக்கோட்டையில் மடக்குக் கத்தி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

18,500 ரூபாய். இன்று மத்தியானம் இரண்டாவது தடவையாகவும் அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு வந்தேன். கோபம் ஆறுவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

லண்டனிலிருந்து லீவில் வந்திருக்கும் மச்சானுக்குத் தூண்டில் பைத்தியம். போகும்போது நல்ல மடக்குக் கத்தி ஒன்று கொடுத்துவிட ஆசைப்பட்டேன். அங்கே கத்திச் சட்டம் கடுமை என்று தெரியும். அதனால்தான் நடைபாதையில் வாங்காமல், கண்ணாடி அலுமாரியும் ஏசியும் உள்ள கடையாகப் பார்த்துப் போனேன். நான் கேட்ட முதல் கேள்வியே, "அண்ணே, இதை லண்டனில் கையில் வைத்திருக்கலாமா?" என்பதுதான்.

கடைக்காரர் வாயால் பதில் சொல்லவில்லை. லாச்சியைத் திறந்து அடிமட்டம் எடுத்தார். அலகை விரித்து, எனக்குத் தெரியும்படி வைத்து அளந்தார். சரியாக 3 அங்குலம். "தம்பி, அங்கே சட்டம் 3 அங்குலம். நீங்களே பாருங்கள்." அந்த அடிமட்டத்தில்தான் விழுந்தேன். அளந்து காட்டுகிற மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? பேரம்கூடப் பேசாமல் 18,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் மச்சான் விரித்துப் பார்த்தார். 'டக்' என்று ஒரு சத்தம். "அத்தான், இது லொக் விழுகிற கத்தி" என்றார். அங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் சொல்லாமல் வெளியே கொண்டுபோகக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்திதான். ஆனால் விரித்ததும் பூட்டிக்கொள்கிற கத்தி அந்தக் கணக்கில் வராது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மீன்பிடி, வேலை என்று தக்க காரணம் காட்டலாம். அதை மறந்து காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால்? அதிகபட்சம் 4 வருடச் சிறை. இதையா பரிசாகக் கொடுப்பது?

போன் எடுத்தால் "முதலாளி வெளியில்". வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு, பதில் இல்லை. நேரில் போனால், "லொக் இருந்தால் விரல் வெட்டாது தம்பி, நல்லதுதானே?" பிறகு, "3 அங்குலம் என்றேன், பொய்யா?" பொய் இல்லை. அதுதான் எரிகிறது.

இன்று போனபோது காசு தர முடியாது, மாற்றி எடு என்றார். எடுத்து நீட்டியது என்ன தெரியுமா? பொத்தானை அழுத்தினால் அலகு பாய்கிற கத்தி! அதை அங்கே விற்க 1959இலேயே தடை. 2021இலிருந்து வீட்டுக்குள் வைத்திருப்பதே குற்றம். ஒரு குற்றத்துக்குப் பதிலாக இன்னொன்று, அதுவும் என் 18,500 ரூபாயில்.

வாங்குகிறவர்களுக்கு விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. விரித்துப் பாருங்கள், டக் என்றால் வைத்துவிட்டு வாருங்கள். 'லொக் இல்லை' என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் 'கத்தி 1' என்று மட்டும் இருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைப்பையில் போடாதீர்கள், பறித்துவிடுவார்கள். நாளை காலை நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற எண்ணுக்குப் போன் அடிக்கப் போகிறேன். மச்சானுக்கு வியாழன் இரவு பிளைட்.