ஸ்லோ நிற்காத பழைய 800: ஸ்க்ரூவா, ஹோஸா, புது கார்புரேட்டரா?

குன்னூரிலிருந்து பர்லியாருக்கு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் ஏறி வருகிறது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி என்பதால் கிளட்சை மிதித்து ஓரம் கட்டுகிறோம். அந்த நொடியில் எஞ்சின் ஆஃப் ஆனால் என்ன ஆகும்? பிரேக் பூஸ்டர் (எஞ்சின் இழுப்பைக் கொண்டு பெடலை இலகுவாக்கும் பாகம்) உள்ள வண்டியானால் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் உதவி மிச்சமிருக்கும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். ஸ்லோ அல்லது ஐடிலிங் என்பது ஆக்சிலேட்டரில் கால் வைக்காதபோது எஞ்சின் தானாக ஓடும் ஓட்டம். சமவெளியில் ஸ்லோ நிற்காத வண்டி சிக்னலில் எரிச்சல் தரும். மலையில் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மாருதி 800, 1997 மாடல், கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் பாகம்) வண்டி. போன மழைக்காலத்தில் ஐடிலிங் ஏறுவதும் இறங்குவதுமாக ஆரம்பித்தது. சூடான பிறகும் ஊசலாடி, ஹெட்லைட் போட்டால் அணைந்தது. மூன்று பேர் மூன்று வழி சொன்னார்கள். ஒருவர் ஸ்லோ ஸ்க்ரூவை, அதாவது ஐடிலிங் சுற்றைக் கூட்டும் திருகை, ஏற்றிவிடலாம் என்றார். கோவையில் ஒரு கடைக்காரர் புது கார்புரேட்டரே போட்டுவிடுங்கள் என்றார். குன்னூரில் வயதான மெக்கானிக் ஒருவர் பானெட்டைத் திறந்து காதை மட்டும் கொடுத்தார். "புது கார்புரேட்டர் வாங்கணுங்களாண்ணா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம் தம்பி. எங்கியோ காத்து இழுக்குது, மொதல்ல அதப் பாருங்க" என்றார்.

ஸ்க்ரூவை ஏற்றுவது ஐந்து நிமிட வேலை, காசும் கிடையாது. அதனால்தான் எல்லோரும் அங்கே போய் நிற்கிறார்கள். சூடான எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 900 சுற்றில் நிற்க வேண்டியதை 1,200-க்கு ஏற்றினால் அணையாது, உண்மைதான். ஆனால் கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். அதோடு, இறக்கத்தில் இரண்டாவது கியரில் எஞ்சின் பிடித்து நிறுத்த வேண்டிய வேகத்தை அந்தக் கூடுதல் சுற்று தள்ளிக்கொண்டே இருக்கும். பிரேக் சீக்கிரம் சூடேறும். மலைக்காரர்கள் இந்த வழியைத் தற்காலிகமாகக்கூட எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

காற்று இழுப்பதைத் தேடுவதுதான் எனக்குப் பலன் தந்த வழி. கார்புரேட்டர் அளந்து அனுப்பும் காற்றைத் தவிர வேறு வழியில் காற்று நுழைந்தால் கலவை பெட்ரோல் குறைந்து மெலியும். எஞ்சின் திணறும், தேறும், மறுபடி திணறும். அந்த ஏற்ற இறக்கமே ஊசலாட்டம். ஐடிலிங்கில் எஞ்சினுக்குள் போகும் காற்று ரொம்பக் கொஞ்சம் என்பதால் சின்ன விரிசலும் பெரிய சேதம் செய்கிறது. வேகமாக ஓட்டும்போது அதே விரிசல் தெரியவே தெரியாது.

முதலில் எஞ்சின் ஓடும்போதே ஹோஸ்களை ஒவ்வொன்றாக பிளையரால் மெதுவாக நசுக்கிப் பார்க்க வேண்டும். எதை நசுக்கும்போது ஓட்டம் சீராகிறதோ அந்தப் பாதையில் கோளாறு. பிரேக் பூஸ்டருக்குப் போவது, ஹெட் கவரிலிருந்து (எஞ்சினின் மேல் மூடி) இன்டேக் மேனிஃபோல்டுக்கு (கலவை எஞ்சினுக்குள் போகும் குழாய்) போவது, இந்த இரண்டும் முக்கியம். அப்புறம் கார்புரேட்டர் அடியில் உள்ள பேக்கிங்கைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளிக்கலாம். ஒழுகுகிற இடத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் சத்தம் மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையோ கிளீனர் ஸ்பிரேயையோ அடிக்கிறார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

எங்கள் வண்டியில் ஹெட் கவர் ஹோஸ்தான் குற்றவாளி. மேலே பார்த்தால் கறுப்பாக, நன்றாகவே இருந்தது. கழற்றி வளைத்தபோது வளைவின் அடிப்பக்கம் விரல் நகம் அளவுக்கு வாய் திறந்தது. உள்சுவர் பிசுபிசுத்து மிருதுவாகிவிட்டது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் வருகிறது. 90-களில் வந்த ரப்பரும் பேக்கிங்கும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எனவே எண்ணெய், வெப்பம் தாங்கும் புது ஹோஸ் வாங்குங்கள். மீன்தொட்டிக் குழாயை மாட்டிய வண்டியையும் பார்த்திருக்கிறேன். அது சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும்.

அளவுமானி வைத்து வேக்குவம், அதாவது இன்டேக் மேனிஃபோல்டில் எஞ்சின் உறிஞ்சும் இழுப்பு, பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சமவெளியில் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 18 முதல் 20 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும். ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். குன்னூர் ஏறத்தாழ 6,000 அடி. ஆகவே இங்கே 12 முதல் 14 காட்டினால் அது நல்ல எஞ்சின்தான். சமவெளிக்கென்று அச்சடித்த அட்டவணையை வைத்துக்கொண்டு வால்வு போயிற்று என்று ஹெட்டைக் கழற்றச் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஹோஸ் மாற்றியதும் எங்கள் வண்டியில் ஊசலாட்டம் பெருமளவு போனது, முழுக்கப் போகவில்லை. அடுத்து கார்புரேட்டர் பக்கம் வந்தோம். அங்கே புதுசா, பேக்கிங் கிட் போட்டுச் சுத்தம் செய்வதா என்பது நிஜமான போட்டி. முடிவு செய்ய ஒரு சோதனை இருக்கிறது. சாவியைத் திருப்பினால் கார்புரேட்டரில் உள்ள சொலனாய்டு, அதாவது ஐடிலிங் பெட்ரோலைத் திறந்து மூடும் மின் வால்வு, 'டிக்' என்று அடிக்க வேண்டும். ஐடிலிங்கில் அதன் ஒயரைக் கழற்றினால் எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால் ஸ்லோ ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை) வழியே பெட்ரோல் வரவில்லை என்று பொருள். யாரோ ஸ்க்ரூவை ஏற்றி திராட்டிலை, அதாவது காற்றுப் பாதையின் கதவை, திறந்து வைத்து ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் வண்டி அணையவில்லை. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், மயிரிழைத் துளையில் பாதி வெள்ளைப் படிவம். அதைக் கம்பி வைத்துக் குத்தவே கூடாது, துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்து, காற்றால் ஊதினால் போதும். இந்த வேலைக்கும் பேக்கிங் கிட்டுக்கும் ஆகும் செலவு புது கார்புரேட்டர் விலையில் ஒரு சிறு பங்குதான்.

புதுசு வாங்குவது ஒரே ஒரு நிலையில் சரி. திராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அந்த இடைவெளியிலேயே காற்று இழுக்கும், கிட் அதைச் சரிசெய்யாது. மற்றபடி, மலிவு டூப்ளிகேட்டை விட நன்றாகக் கழுவிய பழைய ஒரிஜினல் எவ்வளவோ மேல்.

மூன்றாவது துடிப்புக்கு ஒரு முறை 'டக்' என்று குலுங்கினால் அது கார்புரேட்டரே அல்ல. 800-க்கு மூன்றே சிலிண்டர், ஒன்று மிஸ் அடித்தால் வண்டி முழுக்க ஆடும். பிளக், பிளக் ஒயர், வால்வு இடைவெளி என்று பாருங்கள். மஞ்சு மூடிய இரவில் விளக்கை அணைத்துப் பானெட்டைத் திறந்தால், கசியும் ஒயரில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

கடைசிக் கேள்வி, டியூனிங்கை எங்கே செய்வது? மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம், குன்னூர் ஏறத்தாழ 1,850, ஊட்டி 2,240. மேலே காற்று மெல்லியது. கார்புரேட்டர் அதை உணராமல் கிட்டத்தட்ட பழையபடியே பெட்ரோல் விடும், கலவை அடர்ந்துவிடும். கீழே கச்சிதமாக டியூன் செய்த வண்டி ஊட்டியில் கறுப்பாகப் புகைந்து, சுற்று இறங்கி, அணையும். மேலே டியூன் செய்தது கோவையில் மெலிந்து கொஞ்சம் தயங்கும். எத்தனாலும் கலவையை மெலியத்தான் வைக்கும். அதனால் அதன் பாதிப்பு மேலே மறைந்து, கீழே பளிச்சென்று தெரியும். மலையில் குடியிருப்பவர் மலையிலேயே டியூன் செய்வதுதான் சரி. ஆபத்தான இடத்தில் வண்டி ஒழுங்காக நிற்க வேண்டுமல்லவா. இஞ்செக்‌ஷன் வண்டிக்கு இந்தக் கவலை இல்லை. காற்றழுத்தத்தை சென்சாரே பார்த்துக்கொள்ளும். அங்கே திராட்டில் பாடியில் படிந்த கரியைத் துடைத்தாலே பல நேரம் சரியாகும்.

டியூன் செய்யும் முறை இது. எஞ்சின் முழுச் சூட்டில் இருக்கும்போது மிக்சர் ஸ்க்ரூவை (ஐடிலிங்கில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருகு, வெளியே விட்டால் கூடும்) உள்ளே திருகித் திணறும் இடத்தைப் பாருங்கள், பிறகு வெளியே திருகித் திணறும் இடத்தைப் பாருங்கள். நடுவில் வைத்து, கால் சுற்று வெளியே விடுங்கள். அந்தக் கால் சுற்று கோவைப் பயணத்துக்கு. பிறகுதான் ஸ்லோ ஸ்க்ரூ. மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் மெதுவாக உள்ளே இறக்கி எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ள வேண்டும். இறுக்கினால் ஊசி முனை பள்ளம் விழுந்துவிடும். எங்கள் பானெட்டின் உள்பக்கம் மெக்கானிக் அண்ணன் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதிவிட்டார்: 'குன்னூர் 2¼'.