புதுசு என்று வந்த பழைய பிளேடு: ஸ்டிக்கரை உரித்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள்

ரிமோட்டில் பறக்கவிடும் ஆர்.சி. ஹெலிகாப்டருக்கு ஆன்லைனில் மெயின் பிளேடு (மேலே சுழலும் பெரிய இறக்கை) வாங்குகிறவர்கள், அதைக் கிரிப்பில், அதாவது பிளேடின் அடியைப் பிடித்திருக்கும் கவ்வியில், மாட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் நன்றாக ஏமாந்தேன். அதில் பாதி விற்றவன் செய்தது, மீதி என் அவசரம்.

என்னுடையது 450 கிளாஸ் என்ற சின்ன அளவு ஹெலி, 325 மில்லிமீட்டர் பிளேடு. இருந்த ஜோடி ஒரு மோசமான தரையிறக்கத்தில் புல்லில் உரசி நுனி பிய்ந்துவிட்டது. உடனே பறக்க வேண்டும் என்ற துடிப்பில், "புத்தம் புதுசு, கார்பன் ஃபைபர், ஃபேக்டரியிலேயே பேலன்ஸ் செய்த ஜோடி" என்று போட்டிருந்த ஒருவரிடம் ஆர்டர் செய்தேன். பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு பெயரை மட்டும் தவிர்த்தால் தப்பித்துவிடலாம் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, இதே வேலையை வேறு யாரும் செய்யலாம்.

பார்சல் வந்தது. பிளேடு இரண்டும் கண்ணாடி மாதிரி பளபளப்பு. போல்ட் துளையிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டிலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். பிராண்டின் பெயர்தான் நுனிப்பக்கம் அச்சாகியிருக்கிறதே, இங்கே எதற்கு இன்னொன்று என்று தோன்றத்தான் செய்தது. துளையைச் சுற்றி மெல்லிய வட்டமாக ஒரு தேய்மானமும் இருந்தது. கிரிப்புக்குள் வாஷர் உட்கார்ந்து சுழன்றால் வருகிற தடம் அது. மெசேஜில் கேட்டேன். "அது ஃபேக்டரி டெஸ்ட் மார்க் சார், எல்லாத்துலயும் இருக்கும்" என்று பதில் வந்தது. சரி என்று விட்டுவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

முதல் பறப்பில் ஹோவரிலேயே (ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கும்போதே) டெயில் ஃபின், அதாவது வால் துடுப்பு, கலங்கலாகத் தெரிந்தது, அந்த அளவுக்கு அதிர்வு. நுனியில் ஆளுக்கொரு நிற டேப் ஒட்டி டிராக்கிங் பார்த்தேன், இரண்டும் ஒரே தளத்தில்தான் ஓடின. அதனால் பிளேடில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டி, ஹெலியை நிலையாக வைக்கும் ஜைரோவின் கெய்னைக் (உணர்திறனை) குறைத்துப் பறந்தேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. டிராக்கிங் காட்டுவது இரண்டு பிளேடும் ஒரே உயரத்தில் ஓடுகின்றனவா என்பதை மட்டும்தான். எடை சமமா, உள்ளே விரிசல் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியாது.

இரண்டாவது பறப்பு நடக்கவே இல்லை. ஸ்பூல் அப் ஆகி, அதாவது பிளேடுகள் மெல்ல வேகமெடுத்து, முழு வேகத்தைத் தொடும் நேரத்தில் காய்ந்த கம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், ஹெலி தரையிலேயே துள்ளிக் கவிழ்ந்தது. ஒரு பிளேடு ஸ்டிக்கர் இருந்த இடத்தில் சரியாக இரண்டாகியிருந்தது, மற்றது மடங்கி டெயில் பூமை (வால் குழாயை) கிழித்திருந்தது. பறந்துபோன துண்டை வெகுநேரம் தேடி, முப்பது அடிக்கும் அப்பால் புதரில் கண்டெடுத்தேன். நான் பின்பக்கம் நின்றிருந்தேன், அது முன்பக்கமாகப் போயிருக்கிறது.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 325 மில்லிமீட்டர் பிளேடு போட்ட ஹெலியின் ரோட்டர் விட்டம் சுமார் 70 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,800 சுற்று ஓடினால் பிளேடின் நுனி மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வெறும் 30 கிராம் எடையுள்ள அந்தப் பிளேடு அப்போது தன் போல்ட்டை இழுக்கிற விசை 50 கிலோவை எட்டும். கிட்டத்தட்ட அந்த 50 கிலோவைத்தான், பின்னால் எனக்குத் தெரியவந்தபடி, பசை போட்டு ஒட்டிய ஒரு விரிசல் தாங்க வேண்டியிருந்தது. 2013 செப்டம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் 19 வயது இளைஞர் ஒருவர் தன்னுடைய ஹெலியின் பிளேடு தாக்கியே இறந்துபோனார். அவருடையது இதைவிடப் பெரிய வகை. ஆனால் சின்னதாக இருந்தாலும் முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து, உடையாத பிளேடின் ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி நகத்தால் உரித்தேன். அடியில் முடி போல ஒரு கோடு, குறுக்காக. அதில் சூப்பர் குளூ இறக்கி, உப்புத்தாளால் தேய்த்து, மேலே கிளியர் லாக்கர் அடித்து, அதற்கும் மேலே ஸ்டிக்கர். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம் உடைந்த பிளேடின் துண்டுகளைச் சேர்த்து எடை போட்டேன். சில்லுகள் சிதறிப்போன பிறகும் அது மற்றதைவிட 2 கிராம் கூடுதல்! ஜோடியே இல்லை, எங்கிருந்தோ பொறுக்கிய இரண்டு ஒற்றைப் பிளேடுகள்.

படங்களை அனுப்பினேன். "கிராஷ் ஆன பிளேடுக்கு வாரண்டி கிடையாது, பைலட் மிஸ்டேக்" என்று வந்தது. விரிசலைக் காட்டியதும் "நீங்களே ஒட்டியிருக்கலாமே" என்றார், அடுத்த மெசேஜுக்கு என்னை பிளாக் செய்துவிட்டார். பார்சல் பிரித்ததை நான் வீடியோ எடுத்திருக்கவில்லை, அதனால் வாதாட என் கையில் எதுவும் இல்லை. நீங்கள் எடுத்துவையுங்கள், துளையும் அடிப்பகுதியும் கிட்டத்தில் தெரிகிற மாதிரி.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். எந்த ஸ்டிக்கராக இருந்தாலும் உரித்துவிடுவேன். துளை வட்டமாக இருக்கிறதா, சுற்றிலும் வெளுத்த கோடு ஏதாவது ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். ஒரு நாணயத்தால் அடியிலிருந்து நுனிவரை தட்டிக்கொண்டே போனால் சத்தம் ஒரே மாதிரி வர வேண்டும், எங்காவது மட்டும் மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். பின்விளிம்பில் பஞ்சை இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத பிளவிலும் நூல் மாட்டிக்கொள்ளும். பேலன்ஸ் பார்க்கும்போது பலரும் எடையை மட்டும் சமன் செய்கிறார்கள். முதலில் ஈர்ப்பு மையம் இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் எடைக்கு வர வேண்டும். லேசான பிளேடின் ஈர்ப்பு மையத்தில் கொஞ்சம் டேப் சுற்றினால் போதும். 2 கிராம் எல்லாம் டேப்பால் சரிசெய்கிற வித்தியாசம் இல்லை, அப்படி வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

போல்ட்டை முறுக்கித் தள்ளாதீர்கள். ஹெலியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பிளேடு தானாகத் தொங்கக் கூடாது, லேசாக உலுக்கினால் மடங்க வேண்டும். ரொம்ப இறுகினால் அதிர்வு வரும், தளர்ந்தால் ஸ்பூல் அப்பில் மடங்கிப் பூமில் அடிக்கும். கை மீறிப் போகிறது என்று தெரிந்தால் தரையைத் தொடுவதற்குள் திராட்டில் ஹோல்டை (ரிமோட்டில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சை) தட்டிவிடுங்கள், பிளேடும் கியரும் பிழைக்க அதுதான் வழி. விழுந்த பிறகு ஸ்பிண்டில் ஷாஃப்டை (இரண்டு கிரிப்பையும் இணைக்கும் கம்பியை) கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டிப் பாருங்கள். என்னுடையது வளைந்திருந்தது. அதோடு புதுப் பிளேடு மாட்டியிருந்தால் அதுவும் ஆடியிருக்கும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. புல்லில் உரசிய என் பழைய ஜோடியை மைதானத்துக் குப்பைத்தொட்டியில் முழுசாகப் போட்டுவிட்டு வந்தேன். யார் எடுத்து, என்ன ஸ்டிக்கர் ஒட்டினார்களோ. இப்போதெல்லாம் மாஸ்க் போட்டுக்கொண்டு, தூசி பறக்காமல் நனைத்து, நடுவில் அறுத்துவிட்டுத்தான் எறிகிறேன்.